கழற்றி மாற்றிய அட்டை: கோலார் தங்கவயலிலிருந்து சி.எம்.சி. வரை ஒரு பராமரிப்பு வரலாறு

இந்தியக் கணினி வரலாறு பெரும்பாலும் வருகைகளின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1955-இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு எச்.இ.சி.-2எம் வந்தது. 1960-இல் பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தானே வடிவமைத்த டிஃப்ராக் கணினியை முறைப்படி இயக்கியது. 1961-இல் எஸ்ஸோ எண்ணெய் நிறுவனம் ஐ.பி.எம். 1401-ஐ நிறுவியது. 1964-இல் டாடா நிறுவனத்துக்கு சி.டி.சி. 3600 வந்தது. எந்த இயந்திரம், எந்த ஆண்டு, யார் வாங்கினார், யார் கட்டினார் என்பனவே இவ்வரலாற்றின் கேள்விகள். வந்த இயந்திரம் பழுதானபோது அதைத் திறந்தவர் யார், அவர் கையில் எந்த வரைபடம் இருந்தது, மாற்ற வேண்டிய பாகம் எங்கிருந்து வந்தது என்பவை அரிதாகவே கேட்கப்படுகின்றன. இயந்திரம் ஒரு நாளில் வந்து சேர்ந்துவிடுகிறது. அதன்பின் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அது பராமரிப்பாளரின் கையில்தான் வாழ்கிறது.

இக்கட்டுரை எடுத்துக்கொள்வது ஒரு சிறு செயலை: காந்த நாடா இயக்கியில் பழுதான மின்சுற்று அட்டையைக் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகுவது. அச்செயலின் பின்னால் இருந்த அறிவு, உரிமை, அரசியல் ஆகியவை இங்கே ஆராயப்படுகின்றன. தொடக்கம் மட்டும் கணினி அறையில் அன்று, கோலார் தங்கவயலின் சுரங்கத்தில். அதற்குக் காரணம் உண்டு. 1970-களில் கணினிப் பராமரிப்பை அரசு தன் பொறுப்பில் கொண்டுவந்தபோது மின்னணு ஆணையத்தின் தலைவராக இருந்த எம்.ஜி.கே. மேனன், அதற்கு முன் இந்தச் சுரங்கத்தின் அடியில் மின்னணுக் கருவிகளை வைத்து ஆய்வு நடத்திய குழுவின் தலைவர்.

சுரங்கத்தின் அடியில்

பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை செல்லும் கிளை இருப்புப் பாதையில் கோரமண்டல், உரிகம், சாம்பியன் எனச் சிறு நிலையங்கள் அடுத்தடுத்து வருகின்றன. தங்கவயலின் நிலவியலும் குடியேற்ற வரலாறும் இப்பெயர்களிலேயே அடங்கியுள்ளன. 1880-களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே பெருமளவில் சுரங்கம் தோண்டத் தொடங்கியது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பூமிக்கடியில் உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வடஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த தலித் தொழிலாளர்கள். அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் தோண்டிய சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றானது.

1950-களின் தொடக்கத்தில் ஹோமி பாபாவின் தூண்டுதலால் பி.வி. ஸ்ரீகண்டன் இச்சுரங்கத்தில் காஸ்மிக் கதிர் ஆய்வைத் தொடங்கினார். மேலே உள்ள பாறை ஒரு வடிகட்டி. ஆழம் கூடக்கூட, வானிலிருந்து வரும் மியூவான் துகள்கள் குறைந்துகொண்டே போகும். பின்னர் 2.7 கி.மீ.க்கும் மேற்பட்ட ஆழத்தில் கருவியை வைத்தபோது, ஏறத்தாழ இரண்டு மாதங்களில் ஒரு துகள்கூடப் பதிவாகவில்லை. அந்த மௌனமே ஒரு கண்டுபிடிப்பாயிற்று. வேறு துகள்களின் இரைச்சல் இல்லாத இடத்தில்தான், எதனோடும் எளிதில் மோதாத நியூட்ரினோவைத் தேட முடியும். மேனன், ராமணமூர்த்தி, ஸ்ரீகண்டன் ஆகியோரின் டாடா நிறுவனக் குழுவும், மியாகேயின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகக் குழுவும், வுல்ஃபெண்டேலின் டர்ஹாம் பல்கலைக்கழகக் குழுவும் சேர்ந்து 2.3 கி.மீ. ஆழத்தில் கருவிகளை அமைத்தன. வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவின் தடயத்தை 1965 ஆகஸ்டில் அவை வெளியிட்டன. அதே மாதத்தில், தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கத்தில் ஆய்வு செய்த ஃபிரெடெரிக் ரைன்ஸின் குழுவும் தன் முடிவை வெளியிட்டது.

இயற்பியல் நூல்கள் இந்நிகழ்வை முன்னுரிமைப் போட்டியாகச் சொல்லும். பராமரிப்பு வரலாற்றுக்கு வேறொரு செய்தி முக்கியமானது. நியூட்ரினோ எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வருவதும் ஆண்டுக்குச் சில மட்டுமே. ஒளிர்வுத் தகடுகளும், ஒளிப்பெருக்கிக் குழல்களும், நியான் மின்னொளிக் குழாய்களும், அவற்றைப் படமெடுக்கும் கேமராவும் நாள்தோறும் விழித்திருக்க வேண்டும். துகள் வரும் நொடியில் ஒரு சுற்று இறந்திருந்தால், பல வாரக் காத்திருப்பு வீணாகும். ஆழத்தில் பாறையே சுடும்; காற்றோட்டக் குழாய்கள் வந்தாலும் வெப்பமும் ஈரமும் முற்றிலும் நீங்குவதில்லை. உயர் மின்னழுத்தத்தில் இயங்கும் கருவிகளுக்கு ஈரம் பகை. ஈரம் படிந்த இணைப்புமுனை மின்னோட்டத்தைக் கசியவிடும். கசிவு பொய்ச் சமிக்ஞையாகும்.

இத்தகைய இடத்தில் கருவியை உயிரோடு வைத்திருக்க ஒரே வழி, அதைக் கட்டியவர்களே அதைப் பராமரிப்பது. தொடக்ககால ஆய்வுகளுக்கு வேண்டிய கைகர் எண்ணிகளும் சுற்றுகளும் டாடா நிறுவனத்திலேயே செய்யப்பட்டவை. சுற்றை வரைந்தவர், ஈயம் உருக்கிப் பற்றவைத்தவர், கூண்டில் இறங்கி அதைத் திறந்து பார்த்தவர் ஆகிய மூவரும் ஒரே சிறு குழுவுக்குள் இருந்தனர். எந்த மின்தடை எதற்காக இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு அக்கருவி மூடிய பெட்டி அன்று. 1980-இல் புரோட்டான் சிதைவைத் தேடி, 34 அடுக்குகளில் ஏறத்தாழ 1,600 விகிதமுறை எண்ணிகள் கொண்ட 140 டன் கருவி அதே ஆழத்தில் நிறுவப்பட்டபோதும் இம்மரபு தொடர்ந்தது.

நாடா இயக்கியின் உள்ளே

அதே 1960-களில் இந்தியாவின் பெருநகரங்களில், குளிரூட்டிய அறைகளில், முற்றிலும் வேறொரு பராமரிப்பு முறை வேரூன்றிக்கொண்டிருந்தது. அதைப் புரிந்துகொள்ள நாடா இயக்கியைச் சற்று உள்ளே நோக்க வேண்டும்.

ஐ.பி.எம். 1401 கணினி 1959 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. அதனுடன் இணைக்கப்பட்ட 729 வகை நாடா இயக்கி ஆளுயரப் பெட்டி. அரை அங்குல அகலமும் 2,400 அடி நீளமும் கொண்ட நாடா, ஒரு சுருளிலிருந்து மற்றொன்றுக்கு ஓடும். 729-இன் இரண்டாம் மாதிரியில் அதன் வேகம் நொடிக்கு 75 அங்குலம். அங்குலத்துக்கு 556 எழுத்துகள் என்ற அடர்த்தியில், நொடிக்கு ஏறத்தாழ 41,700 எழுத்துகள் காந்தத் தலையைக் கடந்துபோகும். நாடா சில மில்லிநொடிகளில் நின்று, மீண்டும் ஓட வேண்டும். கனமான சுருளை அவ்வளவு விரைவில் நிறுத்தவோ சுழற்றவோ முடியாது. எனவே, காற்று உறிஞ்சப்பட்ட இரண்டு நெடிய தூண்களுக்குள் நாடா ஒரு வளையமாகத் தொங்கவிடப்பட்டது. தலைக்கருகே நாடா துள்ளி நிற்கும். தூணில் உள்ள வளையம் நீண்டு குறுகி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். வளையத்தின் இருப்பை உணரும் சுற்று, சுருளின் மோட்டாருக்குக் கட்டளையிடும்.

நாடாவின் குறுக்கே ஏழு தடங்கள். ஆறில் எழுத்துக்கான பிட்டுகள், ஏழாவதில் சரிபார்ப்புப் பிட். ஒவ்வொரு தடத்துக்கும் தனி எழுது சுற்று, தனி வாசிப்புப் பெருக்கி. காந்தத் தலையிலிருந்து வருவது மில்லிவோல்ட் அளவிலான மெல்லிய துடிப்பு. அதைப் பெருக்கி, இரைச்சலிலிருந்து பிரித்து, ‘ஒன்று’ அல்லது ‘பூச்சியம்’ எனத் தீர்மானிப்பது அட்டைகளில் அமைந்த டிரான்சிஸ்டர்களின் வேலை. ஒரு தடத்தின் பெருக்கி சற்றே தளர்ந்தாலும் அந்தத் தடத்தின் சில துடிப்புகள் தவறிப்போகும்; சரிபார்ப்புப் பிட் பிழையைக் காட்டிக்கொடுக்கும்; கணினி நாடாவைப் பின்னிழுத்து மீண்டும் வாசிக்கும். பிழை தொடர்ந்தால் வேலை நின்றுபோகும். ஊதியப் பட்டியலோ காப்பீட்டுக் கணக்கோ அன்றிரவு முடியாது.

இப்போது பராமரிப்புப் பொறியாளரின் முறை. அவர் முதலில் அட்டையைத் தொடமாட்டார். நாடாவிலேயே கீறல் உண்டா, தலையில் காந்தத் துகள் படிந்திருக்கிறதா என்று பார்த்து, தலையைத் துடைப்பார். அதற்குப் பின்னும் பிழை நீங்காவிட்டால்தான் மின்னணுவியலைச் சந்தேகிப்பார். ஏழு தடங்களுக்கும் ஒரே வகை அட்டை என்பது இங்கே அவருக்குத் துணை. மூன்றாம் தடத்தின் அட்டையையும் நான்காம் தடத்தின் அட்டையையும் இடம் மாற்றிச் செருகுவார். பிழை மூன்றிலிருந்து நான்குக்கு நகர்ந்தால் குற்றவாளி அட்டை. நகராமல் மூன்றிலேயே நின்றால் தலை, கம்பி, செருகுவாய் ஆகியவற்றில் ஒன்று. புதிய அட்டையைச் செருகியதும் வேலை முடிந்துவிடாது. புதிய பெருக்கியின் பெருக்க அளவை மற்ற ஆறு தடங்களோடு ஒத்துவருமாறு அலைவுகாட்டியைப் பார்த்துத் திருக வேண்டும். ஒரே எழுத்தின் ஏழு பிட்டுகளும் ஒரே கணத்தில் வந்து சேர்கின்றனவா என்பதை அதற்கென உள்ள அளவை நாடாவை ஓட்டிச் சோதிக்க வேண்டும். கழற்றி மாற்றுவது ஒரு நிமிட வேலை. எதைக் கழற்றுவது என்று அறிவதும், மாற்றியதை இணக்குவதும்தான் தொழிற்கல்வி.

அட்டையும் வாடகையும்

1401-இலும் 729-இலும் இருந்தவை, ஐ.பி.எம். 1950-களின் இறுதியில் வகுத்த எஸ்.எம்.எஸ். என்னும் சீர்தர அட்டைகள். இரண்டரை அங்குல அகலம், நாலரை அங்குல உயரம். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட செம்புத் தடங்கள். தனித்தனி ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள், மின்தடைகள், மின்தேக்கிகள். கீழ் விளிம்பில் தங்கமுலாம் பூசிய 16 தொடுமுனைகள். சில நூறு வகை அட்டைகளே போதும் என்பது தொடக்க எண்ணம். நடைமுறையில் வகைகளின் எண்ணிக்கை இரண்டாயிரத்தையும் தாண்டியது.

தொடுமுனைக்கு ஏன் தங்கம் என்பது தங்கவயலைப் பற்றிய கட்டுரையில் கேட்கத் தகுந்த கேள்விதான். செம்பு காற்றில் கறுத்துவிடும். கறுத்த பரப்பு மில்லிவோல்ட் துடிப்பைத் தடுத்துவிடும். தங்கம் கறுப்பதில்லை. ஆபரணத்துக்கும் நாணயத்துக்கும் தங்கத்தை உகந்ததாக்கிய அதே வேதிக் குணம்தான் அதை இணைப்புமுனைக்கும் உகந்ததாக்கியது. முலாம் தேய்ந்த பழைய அட்டையைப் பென்சில் அழிப்பானால் தேய்த்துச் செருகினால் இயந்திரம் மீண்டும் உயிர்பெறும் என்பது பழைய பராமரிப்பாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த கைமருந்து. அதே தேய்ப்பு மிஞ்சியிருக்கும் முலாமையும் அரித்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

எஸ்.எம்.எஸ். அட்டையின் உண்மையான புதுமை அதன் உருவில் இல்லை. வேலைப் பகுப்பில் இருக்கிறது. வாடிக்கையாளரின் இடத்தில் பொறியாளர் அட்டையைக் கண்டறிந்து மாற்றுவார். பழுதான அட்டையில் எந்த டிரான்சிஸ்டர் கெட்டது என்று பார்ப்பது வேறிடத்தில், வேறொருவரின் வேலை. இதனால் இயந்திரம் நிற்கும் நேரம் குறைந்தது. பொறியாளரைக் குறுகிய காலத்தில் பயிற்றுவிக்கவும் முடிந்தது. ஆனால் இம்முறை இயங்க மூன்று பொருள்கள் வேண்டும்: அட்டைகளின் இருப்பு, சுற்று வரைபடங்கள், சோதனை நிரல்கள். இம்மூன்றும் யாரிடம் உள்ளனவோ, இயந்திரத்தின் மீதான உண்மையான அதிகாரமும் அவரிடமே இருக்கும்.

இந்தியாவில் அவை ஐ.பி.எம்.மிடம் இருந்தன. இயந்திரங்களும் பெரும்பாலும் விற்கப்படவில்லை, வாடகைக்கே விடப்பட்டன. வெளிநாடுகளில் பயன்படுத்தித் திரும்பிய 1401 இயந்திரங்களைப் பம்பாய் ஆலையில் புதுப்பித்து, இந்திய நிறுவனங்களுக்கு வாடகைக்கு அளிப்பது அதன் வழக்கம். 1964-இல் சிஸ்டம்/360 வரிசை அறிவிக்கப்பட்டு, உலகின் பிற பகுதிகளில் 1401 பழையதாகிக்கொண்டிருந்தபோது, இந்தியாவில் அது புதிதாக நிறுவப்பட்டுக்கொண்டிருந்தது. பொறியாளர்கள் திறமையானவர்கள், அழைத்தால் வருவார்கள், இயந்திரம் ஓடும். இச்சேவையின் தரத்தைக் குறைகூறியோர் சிலரே. குறை வேறிடத்தில் இருந்தது: வாடிக்கையாளருக்கு இயந்திரத்தின் உட்புறம் ஒருபோதும் சொந்தமாகவில்லை.

ஒரே கேள்விக்கு இரு விடைகள்

பராமரிப்பு வழியே உருவாகும் இவ்வதிகாரத்தை முதலில் கேள்விக்குட்படுத்தியது இந்தியா அன்று. அமெரிக்க நீதித்துறை தொடுத்த ஏகபோக வழக்கின் முடிவில், 1956 ஜனவரியில் ஓர் இணக்கத் தீர்ப்பு வந்தது. வாடகைக்கு மட்டுமே கிடைத்த இயந்திரங்களை ஐ.பி.எம். விற்பனைக்கும் வைக்க வேண்டும். தனியார் பராமரிப்பாளர்களுக்கு உதிரி பாகங்களையும் தொழில்நுட்பக் கையேடுகளையும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பவை அதன் முக்கிய விதிகளுள் சில. பராமரிப்பு என்பது உற்பத்தியாளரின் உள்விவகாரம் மட்டும் அன்று, அது ஒரு சந்தை, அதில் நுழைய வரைபடமும் உதிரி பாகமும் வேண்டும் என்பதை ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அத்தீர்ப்பின் எல்லை அமெரிக்கச் சட்டம். பம்பாயிலோ சென்னையிலோ இருந்த வாடிக்கையாளருக்கு அதனால் கிட்டிய பயன் இல்லை.

இந்தியாவில் இதே கேள்வி நிர்வாகத்தின் வழியே வந்தது. 1963-இல் அமைக்கப்பட்ட பாபா குழு, மின்னணுவியலில் தற்சார்பு வேண்டும் என 1966-இல் அறிக்கை அளித்தது. 1967-இல் ஐதராபாத்தில் இ.சி.ஐ.எல். தொடங்கப்பட்டது. 1970-இல் மின்னணுத் துறையும், 1971-இல் மின்னணு ஆணையமும் உருவாயின. ஆணையத்தின் முதல் தலைவர் எம்.ஜி.கே. மேனன்; 1978 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

தங்கவயல் அனுபவம்தான் மேனனின் கொள்கையை உருவாக்கியது என்று முடிவு கட்டுவது வரலாற்று முறைக்கு ஒவ்வாது. ஆணையத்தின் முடிவுகளில் பலருடைய பங்கு இருந்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு, பாதுகாப்புத் தேவை, காங்கிரஸ் அரசின் பொருளாதாரக் கொள்கை ஆகியவை அதைவிட வலுவான காரணங்கள். ஆயினும் ஒன்றைக் கவனிக்கலாம். கருவியைக் கட்டியவரே அதைத் திறந்து பார்க்கும் ஒரு மரபில் வளர்ந்த அறிவியலாளர்களும், திறந்து பார்க்கும் உரிமை வாடகை ஒப்பந்தத்தின் மறுபக்கத்தில் இருந்த ஒரு தொழில்துறையும் 1970-களில் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்தன. அவர்களிடையே எழுந்த முரண்பாட்டைப் பங்கு விகிதக் கணக்காக மட்டும் வாசிப்பது போதாது.

பங்கு விகிதமும் முக்கியமே. 1973-இன் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், வெளிநாட்டு நிறுவனங்களின் பங்கைப் பொதுவாக 40 விழுக்காடாகக் குறைக்கக் கோரியது. முழு உரிமையோடு மட்டுமே எந்த நாட்டிலும் இயங்குவோம் என்பது ஐ.பி.எம்.மின் உலகளாவிய நிலைப்பாடு. பல நாடுகளில் பரவிய வடிவமைப்பையும் உற்பத்தியையும் பிரிக்க முடியாது என்பது அதற்கு அது சொன்ன நியாயம். 1976-இல் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு, அரசுத் துறைகளின் கணினிமயமாக்கத்தை ஆராய்ந்து, பழைய இயந்திரங்களும் அவற்றின் வாடகையும் பற்றிக் கடுமையான கேள்விகளை எழுப்பியது. 1977-இல் ஜனதா அரசு வந்தது; ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் தொழில்துறை அமைச்சரானார். 1978-இல் ஐ.பி.எம். இந்தியாவிலிருந்து வெளியேறியது.

பொது நினைவில் இந்நிகழ்வு கோகோ கோலாவின் வெளியேற்றத்தோடு சேர்த்தே பேசப்படுகிறது. இரண்டும் ஒன்றல்ல. குளிர்பானம் போனால் வேறு பானம் வரும். கணினியைத் தந்த நிறுவனம் போனாலும் கணினி அங்கேயே நிற்கும். மறுநாளே அதன் நாடா இயக்கியில் ஓர் அட்டை கெடலாம்.

எண்ணூறு இடங்கள்

அந்த மறுநாளுக்கான ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. 1975 டிசம்பரில் முழு அரசு உரிமையில் கணினிப் பராமரிப்புக் கழகம், அதாவது சி.எம்.சி., பதிவு செய்யப்பட்டது. உலகில் அரசுகள் கணினி ஆலைகளைத் தொடங்கியிருக்கின்றன. பராமரிப்புக்கென்றே தேசிய நிறுவனம் தொடங்கியது அரிய செயல். 1978-இல், நாடெங்கும் 800-க்கும் மேற்பட்ட இடங்களில் இருந்த ஐ.பி.எம். சாதனங்களின் பராமரிப்பு அதன் பொறுப்புக்கு வந்தது. ஐ.பி.எம். பொறியாளர் பலர் அதில் சேர்ந்தனர். வேறு சில முன்னாள் ஊழியர்கள் ஐ.டி.எம். என்னும் தனி நிறுவனத்தை அமைத்தனர். நிறுவனத்தின் பெயர்ப்பலகை மாறியது; இயந்திரத்தைத் திறந்த கைகளில் பல அதே கைகள்.

இவ்விடத்தில் எஸ்.எம்.எஸ். அட்டையின் அமைப்பு எதிர்பாராத ஓர் உதவியைச் செய்தது. அதில் இருந்தவை தனித்தனி டிரான்சிஸ்டர்கள். அளவுமானியும் பற்றவைப்புக் கோலும் வரைபடமும் உள்ளவர், கெட்ட பாகத்தை அகற்றி, இணையான வேறொன்றைப் பொருத்த முடியும். மாற்றுவதற்காக வடிவமைக்கப்பட்ட அட்டையைப் பழுது பார்க்கவும் முடிந்தது. உற்பத்தி நின்றுபோன இயந்திரம் ஒன்றை இறக்குமதி உதிரி பாகத்துக்காகக் காத்திருக்காமல் ஓட்டுவதற்கு இதுவே வழி.

அடுத்த தலைமுறையில் இவ்வழி குறுகியது. சிஸ்டம்/360-இன் எஸ்.எல்.டி. அட்டைகளில், சுற்றுகள் அரை அங்குலச் சதுரமான, மூடி அடைக்கப்பட்ட பீங்கான் கூறுகளுக்குள் போயின. ஒரு கூறுக்குள் ஒரு டையோடு கெட்டால் கூறு முழுவதையும் மாற்ற வேண்டும். சென்னையில் ஜெர்மானிய உதவியுடன் 1973-இல் ஐ.ஐ.டி.யில் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370/155 இன்னும் ஒரு படி மேலே, ஒருங்கிணைந்த சுற்றுகளின் காலத்தைச் சேர்ந்தது. இதற்கிடையே நாடாவின் தடங்கள் ஏழிலிருந்து ஒன்பதாயின. அடர்த்தி அங்குலத்துக்கு 800-இலிருந்து 1,600-க்கும், 1973-இல் 6,250-க்கும் உயர்ந்தது. அடர்த்தி உயர உயர, வாசிப்புச் சுற்றின் நுட்பமும் கூடியது. அதைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு குறைந்தது.

இதை ஒரு பொது விதியாகச் சொல்லலாம். வெற்றிடக் குழல் காலத்தில் மாற்றத்தக்க மிகச் சிறிய அலகு ஒரு குழல். பின்னர் அது பல பாகங்கள் கொண்ட அட்டை; பின்னர் மூடிய கூறு; பின்னர் பெரிய ஒற்றைப் பலகை; இறுதியில் இயக்கி முழுவதும். அலகு பெரிதாக ஆக, பழுதைக் கண்டறியும் நேரம் குறைகிறது. உள்ளூர் அறிவுக்குரிய இடமும் குறைகிறது. சி.எம்.சி. இவ்விதியை வென்றுவிட்டது என்று சொல்ல முடியாது. 1980-களில் அதன் பொறியாளர்களும் பல இயந்திரங்களில் பலகையை மாற்றுபவர்களாகவே இருந்தனர். உதிரி பாகங்களுக்கான இறக்குமதி உரிமமும் செலாவணியும் நிரந்தரத் தலைவலி. தற்சார்பு என்ற முழக்கம் அட்டை வரை வந்து, சில்லின் வாசலில் நின்றுவிட்டது.

ஆனால் அது பெற்ற ஒன்று உண்டு. ஒரே நிறுவனத்தின் இயந்திரங்களை மட்டும் அறிந்த பொறியாளருக்குப் பதிலாக, பல நாட்டு, பல நிறுவன இயந்திரங்களைத் திறந்து பார்த்த ஒரு தலைமுறை உருவாயிற்று. ஒன்றோடொன்று பேசாத இயந்திரங்களை இணைத்து இயக்கும் திறன் அவர்களிடம் சேர்ந்தது. 1980-களின் நடுவில் ரயில்வே பயணச்சீட்டு முன்பதிவைக் கணினிமயமாக்கும் பொறுப்பு சி.எம்.சி.க்கு வந்தது தற்செயலன்று. இந்திய மென்பொருள் துறையின் எழுச்சியை ஆங்கிலக் கல்வியோடும் 1991-இன் தாராளமயத்தோடும் மட்டுமே இணைக்கும் வழக்கமான கதையில், பழுது பார்த்தவர்களின் இந்த அத்தியாயம் காணாமல் போகிறது.

நாடா ஊமையாகும்போது

பழைய அட்டைகளைப் பற்றி இன்று ஏன் பேச வேண்டும்? முதல் காரணம் ஆவணம் சார்ந்தது. 1960 முதல் 1990 வரையிலான இந்தியாவின் மக்கள்தொகை, வானிலை, நிலநடுக்க, அறிவியல் தரவுகளில் கணிசமான பகுதி காந்த நாடாக்களில் எழுதப்பட்டது. நாடா இருந்தால் மட்டும் தரவு இருப்பதாகாது. அதே அகலம், அதே தடங்கள், அதே அடர்த்தி கொண்ட இயக்கி வேண்டும். இயக்கியில் உயிருள்ள வாசிப்பு அட்டைகள் வேண்டும். அவற்றை இணக்கத் தெரிந்தவர் வேண்டும். ஓலைச்சுவடியைப் படிக்கக் கண்ணும் பழைய எழுத்தறிவும் போதும். நாடாவைப் படிக்க ஒரு பட்டறையே வேண்டும்.

கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம் இதற்கு ஒரு சான்று. அங்கே 2004 முதல், ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு 1401-ஐயும், பின்னர் அமெரிக்காவிலேயே கிடைத்த மற்றொன்றையும் தன்னார்வலர்கள் உயிர்ப்பித்தனர். அவர்களுள் பலர் ஐ.பி.எம்.மில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர்கள். நூற்றுக்கணக்கான எஸ்.எம்.எஸ். அட்டைகளைச் சோதித்து, ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாக மாற்றி, 729 இயக்கிகளை மீண்டும் ஓடவைத்தனர். அங்கே உதவியது பணம் மட்டும் அன்று; பாதுகாக்கப்பட்ட சுற்று வரைபடங்களும், இன்னும் உயிரோடு இருந்த கைப்பழக்கமும்.

இரண்டாம் காரணம் தங்கவயலுக்கு நெருக்கமானது. அச்சுரங்கத்தின் ஆழ்மட்டங்கள் கைவிடப்பட்டதோடு, 1990-களின் தொடக்கத்தில் துகள் ஆய்வும் முடிந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதே 2001-இல் சி.எம்.சி.யின் பெரும்பான்மைப் பங்கு டாடா குழுமத்துக்கு விற்கப்பட்டது. 2015-இல் அது டி.சி.எஸ்.ஸோடு இணைந்து, தனிப் பெயரும் மறைந்தது. ஒரே ஆண்டில் நேர்ந்த இவ்விரண்டுக்கும் இடையே நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் இரண்டிலும் நேர்ந்த இழப்பு ஒரே வகையானது. சொத்துகள் மதிப்பிடப்பட்டன, நிலமும் பங்கும் கணக்கிடப்பட்டன. கையில் இருந்த அறிவு எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

கடைசிக் காலத்தில் தங்கவயலின் தாது ஒரு டன்னுக்குச் சில கிராம் தங்கமே தந்தது. அதே எடை பழைய மின்சுற்று அட்டைகளில் அதைவிடப் பல மடங்கு தங்கம் இருக்கும். அதனால்தான் அட்டைகள் இன்று எடைக்கு விற்கப்பட்டு, அமிலத்தில் உருகுகின்றன. விளிம்பில் உள்ள முலாமுக்கு விலை உண்டு. நடுவில் உள்ள சுற்றின் அறிவுக்கு விலை இல்லை. தங்கவயலைச் சுற்றியுள்ள சயனைடு மண்மேடுகளில் எஞ்சிய தங்கத்தை எடுக்கும் திட்டங்கள் அவ்வப்போது பேசப்படுகின்றன. அம்மேட்டை உருவாக்கிய தொழிலாளர்களின் தொழில்நினைவை எடுக்கும் திட்டம் எதுவும் அவ்வளவு ஆர்வத்தோடு பேசப்படுவதில்லை.

அறிவியல் வரலாற்று மாணவர்களுக்கு இங்கே செய்வதற்கு வேலை இருக்கிறது. 1965-இன் ஆய்வுக் கட்டுரையில் இயற்பியலாளர்களின் பெயர்கள் உள்ளன. கூண்டை இயக்கியவர், குகையை வெட்டியவர், கேபிள் இழுத்தவர், ஈரத்தில் நின்று மின்னிணைப்பைச் சரிசெய்தவர் ஆகியோரின் பெயர்கள் அதில் இல்லை. சுரங்க நிறுவனத்தின் பட்டறைப் பதிவேடுகளிலும், குடியிருப்பு வரிசைகளில் இன்னும் வாழும் ஓய்வுபெற்ற ஃபிட்டர்கள், எலக்ட்ரீஷியன்களின் நினைவிலும் அவர்களைத் தேட வேண்டும். கணினிப் பராமரிப்புக்கும் இதுவே பொருந்தும். ஒவ்வொரு நாடா இயக்கிக்கும் ஒரு பழுதுப் பதிவேடு இருந்தது: எந்த நாள், எந்தப் பிழை, எந்த அட்டை, எத்தனை மணி நேரம், யார் கையொப்பம். ஒரு நாட்டின் தொழில்நுட்பச் சார்பையும் தற்சார்பையும் கொள்கை உரைகளைவிட நுட்பமாக அளக்கக்கூடிய ஆவணம் அது. கணினிகள் பழைய இரும்பாக விற்கப்பட்டபோது இப்பதிவேடுகளுக்குக் காப்பகங்களில் இடம் ஒதுக்க யாரும் எண்ணவில்லை.

1978-இல் இருபத்தைந்து வயதில் சி.எம்.சி.யில் சேர்ந்த ஒருவர் இன்று எழுபதைக் கடந்தவர். புரோட்டான் சிதைவுக் கருவிக்காக 1980-இல் சாம்பியன் ரீஃபின் அடியில் இரும்பு சுமந்த இளைஞருக்கும் ஏறத்தாழ அதே வயது. வாய்மொழி வரலாற்றுக்கான கால அவகாசம் பத்தாண்டுகூட இல்லை. சென்னை, பெங்களூரு, ஐதராபாத்துப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகள் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களிடம் செல்வதற்குப் பெரும் நிதி தேவையில்லை. வரலாறு என்பது வாங்கியவர்களுடையது மட்டுமன்று, ஓடவைத்தவர்களுடையதும்தான் என்று ஏற்றுக்கொண்டால் போதும்.